இருபது நிமிஷம் பேசக் கூடாது

"இருபது நிமிஷம் பேசாம உட்காரு, கால் மேல கால் போடாதே, மனசுல எதையும் நினைக்காதே, அப்புறம் மறுபடி பாக்கலாம்" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியது என்னவோ சண்முகக்கனியைத்தான். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது அவளுடைய மாமியார் குருவம்மா. கனி பேசாமல் இருந்துவிடலாம். காலையும் நேராக வைத்துக்கொள்ளலாம். எதையும் நினைக்காமல் எப்படி இருக்கிறது? அதற்கு ஒரு மாத்திரை இருந்தால் எழுதிக் கொடுத்திருக்கலாமே இந்த அம்மா. மாத்திரை என்ற வார்த்தையோடு கனியின் புத்தி மறுபடி டாக்டர் அறைக்குள் போனது. பிரஷர் மேலே நூற்றி எழுபது, கீழே நூற்றிப் பத்து என்று சொன்னார்கள் உள்ளே. முப்பத்திநாலு வயசுக்கு இது ரொம்பச் சாஸ்தி என்றார்கள். பின்னந்தலையில் இரண்டு மாசமாக ஆணி அடிக்கிற மாதிரி வலிப்பதற்கும் இதுதான் காரணம் என்றார்கள். அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு, "வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறியா?" என்று கேட்டார்கள். கேட்டது கனியைப் பார்த்து. பதில் சொன்னது குருவம்மா. அந்த வீட்டில் அதுதான் வழக்கம். காய்ச்சல் எத்தனை நாள், வயிற்றுக்கு எப்படிப் போகிறது, தூரமாகி எத்தனை நாள் ஆச்சு என்பது வரைக்கும் மருமகளுக்காக மாமியார்தான் டாக்டரிடம் சொல்லுவாள், மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவாள். "தலைவலிக்குக் கூட ஒண்ணும் போட மாட்டா டாக்டரம்மா, தங்கமான பிள்ளை" என்றாள் குருவம்மா. தங்கமான பிள்ளை தலையாட்டிவிட்டது. அந்த ஒரு ஆட்டலைத்தான் இப்போது எப்படித் திருப்பி வாங்குவது என்று தெரியவில்லை. ஏனென்றால் கனி மாத்திரை சாப்பிடுகிறாள். ஆறு வருஷமாக, ஒரு நாள் தவறாமல், பிள்ளை உண்டாகாமல் இருக்கிற மாத்திரை. பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளோ அஞ்சு வருஷமாகப் பேரன் வேண்டும் என்று காலில் செருப்புப் போடாமல் நடக்கிறவள்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று இறக்கையில் ஒன்றில் மட்டும் அழுக்கு அதிகம், அது ஒவ்வொரு சுற்றிலும் இதோ வந்தேன் இதோ போனேன் என்று காட்டிவிட்டுப் போனது. கனி அதையே பார்த்தாள். கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைக் கட்டிக் காற்றடித்தபோது இறுக்கினது இன்னும் விடவில்லை, அவிழ்த்துப் பத்து நிமிஷம் ஆகியும் சதை அந்த இறுக்கத்தைப் பிடித்து வைத்திருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு மனுஷன் படம். தோலில்லாத மனுஷன். சிவப்பாகவும் நீலமாகவும் உடம்பு பூராவும் ஓடை வெட்டிவிட்டிருந்தார்கள். இவ்வளவு ஓடையா நமக்குள்ளே, இதில் எந்த ஓடையில் தண்ணீர் கூடிப்போச்சு, யார் மடையைத் திறந்துவிட்டது? காதுக்குள் திம் திம் என்று கேட்டது. ராத்திரி தலையணையில் காதை வைத்தால் கேட்கிற அதே சத்தம். அவள் வேலைக்குப் போகிற கடலை மிட்டாய் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிற மெஷினும் இப்படித்தான் அடிக்கும், ஒரு அடிக்கு ஒரு பாக்கெட், மத்தியானத்துக்கு மேல் அது மெஷினா நம்ம நெஞ்சா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எதிர் வீட்டுப் பூமாரி அக்காவும் இப்படித்தான் சொன்னாள், காதுக்குள்ளே யாரோ தட்டுதாக கனி என்று. சொல்லி எட்டாம் நாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பொடிக்கிண்ணம் உருண்டு ரோட்டுக்குப் போனது. இப்போது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது, இடது கை மடங்கிப்போய் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிரித்தால் அழுகிற மாதிரி இருக்கும், அழுதால் சிரிக்கிற மாதிரி. கனி தன் இடது கையை ஒரு தரம் விரித்து மூடிப் பார்த்தாள். விரிந்தது. மூடினது. பிள்ளை தர்ஷினிக்கு இரண்டு சடை பின்ன இரண்டு கையும் வேண்டும். ஏழு வயசுதானே ஆகிறது அவளுக்கு.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது கால் வீங்கினது. எட்டாம் மாசம். விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது, சப்பாத்தி மாவில் அமுக்கின மாதிரி. பொம்பளைப் பிள்ளை என்றால் கால் வீங்கும் என்றார்கள், ஆம்பளைப் பிள்ளை என்றால் முகம் வெளிறும் என்றார்கள், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், பிரஷர் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நர்ஸம்மா வரச் சொன்ன தேதிக்கு ஊரில் கோயில் கொடை, அடுத்த வாரம் போகலாம் என்று விட்டாச்சு. அப்புறம் கண்ணில் பூச்சி பறந்தது. அழகாகத்தான் இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வெள்ளி வெள்ளியாய்ப் பூச்சி, அடுப்படி பூராவும், பால் பாத்திரத்துக்கு மேலே, கேலண்டர் மேலே. பிடிக்கலாமா என்று கையை நீட்டினது ஞாபகம் இருக்கிறது. அதோடு சரி. மூன்று நாள் இல்லை. மூன்று நாளை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஜன்னி வந்து வெட்டி வெட்டி இழுத்தது என்றும், வேன் கதவில் தலை மோதியது என்றும், குருவம்மாதான் மடியில் போட்டுக்கொண்டு, பல்லுக்கு நடுவில் துணியை வைக்கப்போய் விரலில் கடி வாங்கினாள் என்றும் பிற்பாடு சொன்னார்கள். முழித்தபோது பெரியாஸ்பத்திரி. பக்கத்தில் பிள்ளை இல்லை, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது என்றார்கள். தொண்டையில் துருப்பிடித்த ருசி. அந்த மூன்று நாளில் தான் எங்கே இருந்தோம் என்று கனி பல தடவை யோசித்திருக்கிறாள். இருட்டு என்று கூடச் சொல்ல முடியாது. இருட்டு என்றால் பார்க்க ஆள் வேண்டுமே.

பேர் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு வார்டில் ஒரு வயசான சிஸ்டர், குருவம்மா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காப்பி வாங்கப் போயிருந்த நேரம், படுக்கையில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு பிள்ளைன்னு ஆசைப்படாதே தாயி. இந்தத் தடவை பிழைச்சது உன் நல்ல நேரம்." அவ்வளவுதான் சொன்னாள். ஏன் அதைக் குருவம்மா இருக்கும்போது சொல்லவில்லை? புருஷன் அய்யாத்துரை வந்தபோது சொல்லவில்லை? எல்லாக் கேள்விக்கும் மாமியார் பதில் சொல்லுகிற வீட்டில் இது ஒன்றுக்கு மட்டும் கனி தனியாக மாட்டிக்கொண்டாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பிளாஸ்க்கோடு குருவம்மா வந்தாள், காப்பியை ஆற்றினாள், ஆற்றிக்கொண்டே, "பொம்பளைப் பிள்ளைன்னா என்ன, மகாலட்சுமி. அடுத்தாப்ல என் தவசி வருவான் பாரு" என்றாள். தவசி அய்யாத்துரைக்குத் தம்பி. பத்தொன்பது வயசில் கிணற்றில் குதித்து நீச்சலடிக்கப் போனவன், படியில் தலை அடித்து, போனவன் போனவன்தான். கனி அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி. டி.வி. மேலே நீலச் சட்டையில் சிரித்துக்கொண்டிருப்பான். அவன் இந்த வீட்டில்தான் திரும்பப் பிறப்பான், கனி வயிற்றில்தான் பிறப்பான், சாமியாடி ஒருத்தர் சொல்லிவிட்டார், குருவம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து சோறு பொங்கிச் சாப்பிட ஆரம்பித்தாளாம். அவளிடம் போய் எப்படிச் சொல்லுவது? இனிமேல் இந்தக் கதவு திறக்காது அத்தே, உங்கள் பிள்ளை வெளியிலேயே நிற்கட்டும் என்றா? காப்பி சூடாக இருந்தது. கனி குடித்தாள். சொல்லாமல் போன முதல் நாள் அது, பிறகு ஒவ்வொரு நாளும் அதற்கு மேல் ஒரு நாளாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

முதல் வருஷம் தாய் வீடு, பால்குடி என்று எப்படியோ ஓடியது. அப்புறம் மாத்திரை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தெரியாத ஒரு மெடிக்கல், கடைக்காரர் தலை நிமிராமல் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார். சீட்டும் கேட்கவில்லை, எதற்கு என்றும் கேட்கவில்லை, முன்னால் ஜன்னி கண்டதுண்டா என்று அவர் ஏன் கேட்கப்போகிறார்? இருபத்தொன்று வெள்ளை, ஏழு காப்பிக் கலர். தூரத்துணி வைக்கிற பைக்குள் ஒளித்து வைத்தாள், அந்தப் பையை மட்டும் இந்த வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். காலையில் பல் விளக்கும்போது ஒன்று, வாய் கொப்புளிக்கிற தண்ணீரோடு. ருசி கிடையாது. பாவம் என்றால் கசக்க வேண்டாமா? ஆடி மாசம் அம்மன் கோயில் வேம்பில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டப் போவார்கள். குருவம்மா முடிச்சுப் போடுவாள், கனி கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காலையில் முழுங்கினது வயிற்றுக்குள் கரைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் கனிக்கு அம்மன் முகத்தைப் பார்க்க முடியாது, பாதத்தைப் பார்ப்பாள். பாதத்தைப் பார்த்தால் குருவம்மாவின் பாதம் ஞாபகம் வரும். இதோ இப்போதும், பெஞ்சுக்குக் கீழே, தன் செருப்புக்குப் பக்கத்தில் அந்தக் கால் இரண்டும் மொசைக் தரையில் இருக்கின்றன. குதிகால் வெடிப்பில் கரிசல் மண் ஏறி, தேய்த்தாலும் போகாத கறுப்பு. கோயில்பட்டி சித்திரை வெயிலில் தார் ரோட்டில் அந்தக் காலோடுதான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வருவாள். நிழல் கண்ட இடத்தில் நின்று ஒரு காலை மாற்றி ஒரு காலை ஆற்றிக்கொள்ளுவாள். ஒருநாள் கனி தாங்க மாட்டாமல், "செருப்பைப் போடுங்கத்தே, சாமி கோவிச்சுக்காது" என்றதற்கு, "ஏளா, கேக்கிறவளுக்குக் கால் சுடணும்ளா, அப்பத்தான் குடுக்கிறவளுக்கு மனசு சுடும்" என்று சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி கனி மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துச் சன்னல் வரைக்கும் கொண்டுபோனாள். எறியவில்லை. அந்த மூன்று நாள் நினைவுக்கு வந்துவிட்டது. பயம் பெரிசு. அதுதான் உண்மை, பயம்தான் எல்லாவற்றையும் விடப் பெரிசு. சாகப் பயம், சொல்லப் பயம். ஒரு பயத்துக்கு மாத்திரை கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை.

"ஏளா." பன்னிரண்டு நிமிஷம் தாக்குப்பிடித்ததே பெரிசு. குருவம்மா முந்தானையை எடுத்துவிட்டுக் குனிந்து கிசுகிசுத்தாள். "நீ பேசாத. நான் மட்டும் பேசுதேன், நீ கேளு. இது சூடுதான். கம்பெனியில பாகு காய்ச்சுத வெக்கை உனக்கு ஆகல. இன்னைக்கு ராத்திரி வெளக்கெண்ணெய் வச்சு விடுதேன்." கனி தலையாட்டினாள். "பொம்பளை உடம்பு ஒரு பிள்ளை உண்டானா எல்லாம் சரியாப் போயிரும், பாரேன். எனக்குத் தவசி உண்டானப்பத்தான் எட்டு வருஷத்து ஒத்தைத் தலைவலி போச்சு." வெள்ளைச் சட்டை சிஸ்டர் கவுன்ட்டரிலிருந்து, "அம்மா, பேச்சுக் கொடுக்காதீங்க" என்று சத்தம் போட்டாள். "நான் எங்கம்மா பேசுனேன், பிள்ளைக்குத் தைரியம் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள் குருவம்மா. அப்படியே தன் இன்னொரு கையால் கனியின் உள்ளங்கையை எடுத்து மடியில் வைத்துத் தடவ ஆரம்பித்தாள். அந்த ஆள்காட்டி விரலில் ஒரு தழும்பு உண்டு. பல் பட்ட தழும்பு. அது உள்ளங்கையில் உரசிக்கொண்டே போய்வந்தது. கனிக்குக் கண் சொக்கியது. மின்விசிறி மெதுவாகிவிட்டது, அல்லது இவள் மெதுவாகிவிட்டாள். நீலச் சட்டைப் பையன் ஒருத்தன் வந்து, "மதினி, கொஞ்சம் நவுந்து உக்காருங்க" என்றான். கனி நகர்ந்து இடம் விட்டாள். அவன் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தான். தலைமுடி ஈரமாக இருந்தது, பெஞ்சில் தண்ணீர் சொட்டியது. இத்தனை வருஷம் கழித்தும் பத்தொன்பதுதான் இவனுக்கு, நான்தான் கிழவியாகிக்கொண்டு வருகிறேன் என்று கனிக்குச் சிரிப்பு வந்தது. "ரொம்ப நாளா நிக்கியளோ வெளியே?" என்று கேட்டாள். "நின்னா என்ன மதினி, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றான் அவன். சுவரில் இருந்த தோலில்லாத மனுஷனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்மாதான் அவசரப்படுதா." அவன் முகத்தைச் சரியாகப் பார்த்துவிட வேண்டும், போட்டோவில் பல் தெரிகிற அளவுக்குக் கண் தெரியாது என்று கனி திரும்பினாள். திரும்பினால் அங்கே மாமியார்தான் இருந்தாள், லேசாக வாய் பிளந்து அவளும் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். தடவின கை மட்டும் நிற்கவில்லை, தூக்கத்திலும் அது பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது.

"சண்முகக்கனி." உள்ளே போனதும் குருவம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், சிஸ்டர் பட்டையைச் சுற்றினாள். புஸ் புஸ் என்று காற்று ஏறியது. கை மரத்துப்போகிற எல்லைக்குப் போய், அப்புறம் மெல்ல மெல்ல இறங்கியது. இறங்கட்டும் இறங்கட்டும் என்று கனி வேண்டிக்கொண்டாள். நூற்றி இருபதுக்கு இறங்கிவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, ஒரு தப்பும் நடக்கவில்லை, வீட்டுக்குப் போய் விளக்கெண்ணெய் வைத்துக்கொள்ளலாம். "நூத்தி அறுபத்தாறு, நூத்தி எட்டு" என்றாள் சிஸ்டர். டாக்டரம்மா பேனா மூடியைத் திறந்தார்கள். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு முடித்தாச்சு, பதிலும் சீட்டில் எழுதியாச்சு. பேனா சீட்டுக்கு மேலே வந்தது. அது எழுத ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கனிக்கு வாய் திறக்காது, அது அவளுக்கே தெரியும், அவளைப் பற்றி அவளுக்கு இந்த ஒன்றாவது நன்றாகத் தெரியும். "டாக்டரம்மா, நான் மாத்திரை சாப்பிடுதேன்" என்றாள். யாரோ சொன்ன மாதிரிக் கேட்டது. "பிள்ளை உண்டாகாம இருக்க. ஆறு வருஷமா." பக்கத்து நாற்காலியைப் பார்க்கவில்லை. டாக்டரம்மா முகத்தையும் பார்க்கவில்லை. மேசை மேலே இருந்த கண்ணாடிக் கட்டியைப் பார்த்தாள், அதற்குள்ளே ஒரு சின்னக் காற்றுக் குமிழ் இருந்தது. "முதல் பிரசவத்துல பிரஷர் இருந்துச்சா?" என்றார்கள் டாக்டரம்மா. "ஜன்னி வந்துச்சு." பேனாவை மூடிக் கீழே வைத்தார்கள். "ஜன்னி கண்டவளுக்கு இதை யாரும்மா எழுதிக் கொடுத்தா?" "நானாத்தான் வாங்குனேன். இன்னொரு தடவை வந்தா பிழைக்க மாட்டேன்னு சொன்னாக. பயந்து வாங்குனேன்."  டாக்டரம்மா திட்டுகிற குரலும் இல்லாமல் ஆறுதல் சொல்லுகிற குரலும் இல்லாமல் சொன்னார்கள். உண்டானபோது உடம்பில் ஊறுகிற ஹார்மோன் மாதிரி ஒன்றுதான் அந்த மாத்திரையிலும் இருக்கிறது, சில பேருக்கு அதுவே பிரஷரை ஏற்றிவிடும், ஏற்கெனவே பிரசவத்தில் பிரஷர் கண்ட உடம்புக்கு அந்த மாதிரி மாத்திரை கொடுக்கவே யோசிப்பார்கள். "எதுக்குப் பயந்து சாப்பிட்டியோ அதையே தினம் ஒண்ணா முழுங்கியிருக்கே. இன்னையோட நிறுத்து. ஹார்மோன் இல்லாத வழி எத்தனையோ இருக்கு, இன்னைக்கே ஒண்ணு முடிவு பண்ணலாம். பிரஷருக்கு இப்போதைக்கு எழுதுறேன், சில வாரத்துல தானா இறங்குதான்னு பாப்போம்."

இறங்கும் என்றார்கள். அது காதில் விழுந்தது, ஆனால் கனி அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவளுடைய காது இரண்டும் பக்கத்து நாற்காலியில் இருந்தன. அங்கே ஒரு சத்தமும் இல்லை. வளையல் சத்தம் இல்லை, பெருமூச்சு இல்லை. இனிமேல் எனக்காக யாரிடமும் பதில் சொல்ல மாட்டாள், இனிமேல் என் கையைத் தடவ மாட்டாள், அய்யாத்துரை லாரி லோடு இறக்கிவிட்டு வந்ததும் என் துணிமணியை எடுத்து வெளியே வைக்கச் சொல்லுவாள், சொல்லட்டும், தர்ஷினியை மட்டும் என்னோடு விட்டால் போதும் என்று எங்கேயோ போய்க்கொண்டிருந்தது புத்தி. "டாக்டரம்மா." குருவம்மாவின் குரல்தான். இவ்வளவு சின்னக் குரல் அவளிடம் இருந்ததே கனிக்குத் தெரியாது. "இன்னொண்ணு உண்டானா அந்த ஜன்னி திரும்ப வருமா இவளுக்கு?" "வந்தே தீரும்னு இல்லம்மா. மத்தவங்களை விட இவளுக்கு வாய்ப்பு சாஸ்தி. இந்தப் பிரஷரோட உண்டானா உயிருக்கே ஆபத்தாப் போகலாம்."  குருவம்மா மருமகள் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட ஏம்ளா சொல்லல?" "தவசி வரணும்னு நீங்க..." கனி அழுதுவிட்டாள். குருவம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். 

"அஞ்சு வருஷமா செவ்வாய் தவறாமக் கோயிலுக்குப் போயி, ஆத்தாகிட்ட நான் என்ன கேட்டுருக்கேன் தெரியுமா? இவளைக் கொன்னு பேரனைக் குடுன்னு கேட்டுருக்கேன். பாவி, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுருக்கேன்." சிஸ்டர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், அவள் வாங்கவில்லை. "நான் கேட்டதை ஆத்தா குடுத்திருந்தா, இன்னைக்கு யாரைக் கூட்டிக்கிட்டுளா இங்க வந்திருப்பேன்?"